நிறுவனர்களின் கதைகளிலிருந்து சமூக, சுற்றுச்சூழல் தொழில்முனைவைக் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ பயன்படும் தொழிலைத் தொடங்க நினைப்பவர்களோடு அமர்ந்து, அப்படித் தொடங்கியவர்களின் வாழ்க்கைக் கதைகளைப் படித்து விவாதிக்கும் கூட்டங்களைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஏறக்குறைய அதே சந்தேகங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, நான் சொல்லிவரும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை எடுத்துக்கொண்டு செல்வதால், முதல் முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

சமூகத் தொழில்முனைவு என்கிறார்கள். அது தொண்டு நிறுவனத்துக்கு இன்னொரு பெயர்தானே?

இல்லை. தொண்டு நிறுவனம் பெரும்பாலும் பிறர் தரும் நன்கொடையால் நடக்கிறது. நன்கொடை நின்றால் வேலையும் நின்றுபோகும். சமூகத் தொழில்முனைவிலோ, ஒரு சமூகச் சிக்கலைத் தீர்க்க ஆகும் செலவை, முழுவதுமாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதியை, அந்த வேலையே ஈட்டித் தர வேண்டும்.

மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டினார்கள். முடியாதவர்களுக்குக் கட்டணமில்லாமலோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அறுவை சிகிச்சை நடந்தது. முதல் பிரிவினர் தரும் வருமானம் இரண்டாம் பிரிவினரின் செலவையும் தாங்கும்படி மருத்துவமனையின் நடைமுறை முழுவதும் அமைக்கப்பட்டது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் விலை தடையாக நின்றபோது, 1992இல் ஆரோலேப் என்ற அமைப்பைத் தொடங்கி வில்லையைத் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். இரக்கத்தோடு நின்றுவிடாமல் செலவுக் கணக்கையும் இவ்வாறு மாற்றி அமைப்பதைத்தான் தொழில்முனைவு என்கிறோம்.

சுற்றுச்சூழல் தொழில்முனைவு இதிலிருந்து வேறானதா?

அடிப்படையில் வேறல்ல, ஆனால் ஒரு கடினம் கூடுதலாக உண்டு. கண் பார்வை திரும்பப் பெற்றவர் அந்தப் பயனைத் தானே உணர்கிறார். ஆற்றில் கழிவு கலக்காமல் இருப்பதன் பயன் ஆயிரம் பேருக்குச் சிறிது சிறிதாகப் பிரிந்து போவதால், அதற்குப் பணம் தர யாரும் தனியாக முன்வருவதில்லை. ஆகவே சுற்றுச்சூழல் சார்ந்த ஒரு நிறுவனரின் கதையைப் படிக்கும்போது, பொதுவாக எல்லாருக்கும் சேரும் பயனை, ஒருவர் காசு கொடுத்து வாங்கக்கூடிய பொருளாகவோ சேவையாகவோ அவர் எப்படி மாற்றினார் என்று முதலில் பார்ப்பேன். பல முயற்சிகள் இந்த இடத்தில்தான் திணறுகின்றன.

பாடத்திட்டமும் பயிற்சி நூல்களும் இருக்கும்போது ஒருவருடைய சொந்தக் கதை எதற்கு?

பாடநூல் முடிந்துபோன வடிவத்தைக் காட்டுகிறது. அந்த வடிவத்துக்கு வந்து சேரும் முன் நிறுவனருக்கு எது தெரியாமல் இருந்தது என்பதைக் கதைதான் காட்டும். தொடங்கப் போகிறவர் நிற்கும் இடம் அந்தத் தெரியாமைதான்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாச்சலம் முருகானந்தம் குறைந்த விலையில் மாதவிடாய்ப் பஞ்சுத் துணி செய்ய முயன்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் திருமணமான புதிதில் மனைவிக்காகத் தொடங்கிய முயற்சி அது. சாதாரணப் பஞ்சை வைத்து அவர் செய்தவை திரும்பத் திரும்பத் தோற்றன. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது பருத்திப் பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த நாரை அரைத்து அழுத்தும் இயந்திரத்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால், அதே வேலையைச் செய்யும் எளிய இயந்திரங்களைத் தானே வடிவமைத்தார். பாடநூலில் இது "மூலப்பொருள் ஆய்வு" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். கதையில், சோதித்துப் பார்க்க ஆள் கிடைக்காமல் கால்பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தன் உடலிலேயே கட்டிக்கொண்டு நடந்த ஒரு மனிதரைப் பார்க்கிறோம். பயன்படுத்துபவரின் கருத்து கிடைக்காவிட்டால் ஒரு பொருள் எவ்வளவு காலம் தவறாகவே இருந்துகொண்டிருக்கும் என்பது அப்போது புத்தியில் உறைக்கிறது.

யாருடைய கதையிலிருந்து தொடங்குவது நல்லது?

புகழை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் கையில் எடுக்க நினைக்கும் சிக்கலை வைத்துத் தேர்ந்தெடுங்கள். கழிவு மேலாண்மையில் ஆர்வம் உள்ளவர் நுண்கடன் (ஏழைகளுக்கு அடமானமின்றித் தரும் சிறு கடன்) பற்றிய கதையில் தொடங்கினால் உற்சாகம் கிடைக்கும். கையில் எடுத்துச் செல்ல அதிகம் இருக்காது. முடிந்தால் ஒரே சிக்கலை இரு வேறு வழிகளில் அணுகிய இருவரின் கதைகளைச் சேர்த்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்தால் அதுவே ஒரே வழி என்று தோன்றிவிடும்.

படிக்கும்போது எதைக் குறித்துக்கொள்ள வேண்டும்? எனக்கு எல்லாமே முக்கியமாகத் தெரிகிறது.

கூட்டத்துக்கு வரும் ஒரு பெண் தன் குறிப்பேட்டில் பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டுக்கொள்வார். இடப்பக்கம், அந்த நேரத்தில் நிறுவனருக்குத் தெரிந்திருந்தது. வலப்பக்கம், பின்னாளில்தான் தெரியவந்தது. கதை சொல்பவர்கள் பின்னாளில் தெரிந்ததையும் முன்பே தெரிந்ததுபோலச் சொல்லிவிடுவதால் இந்தக் கோடு மிகவும் உதவுகிறது. இப்போது எல்லாருக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

முகமது யூனுஸின் கதையை அந்தக் கோட்டோடு படித்துப் பார்ப்போம். அவர் அப்போது வங்கதேசத்தில் சிட்டகாங் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். 1974இன் பஞ்சத்தைக் கண்ட பிறகு, தான் கற்பிக்கும் பொருளாதாரம் பக்கத்துக் கிராமத்துக்கு ஏன் உதவவில்லை என்ற கேள்வியோடு ஜோப்ரா என்ற ஊருக்குப் போய்வந்தார். அங்கே மூங்கில் முக்காலி செய்யும் ஒரு பெண், மூங்கில் வாங்கத் தேவையான 5 டாக்காவை இடைத்தரகரிடமே கடனாக வாங்கி, செய்த முக்காலியை அவரிடமே கொடுத்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் உழைத்ததற்கு அரை டாக்கா பெற்றார். அதே நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணியபோது 42 பேர் கிடைத்தார்கள். அத்தனை பேரின் கடனும் சேர்ந்து ஏறக்குறைய 27 டாலர். 1976இல் அந்தத் தொகையைத் தன் கையிலிருந்தே கொடுத்தார்.

பலர் இந்த இடத்தில் கண்கலங்கிப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கற்க வேண்டியது இதற்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது. தன் பையிலிருந்து கொடுப்பது தீர்வாகாது, ஒவ்வொரு முறையும் ஒரு பேராசிரியரைத் தேடி வர முடியாது என்று உணர்ந்து அவர் வங்கிக்குப் போனார். அடமானம் இல்லாதவர்களுக்குக் கடன் இல்லை என்றது வங்கி. தானே பொறுப்பு ஏற்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கடன் முயற்சி கிராமீன் என்ற தனி வங்கியாக உருவெடுத்தது 1983இல்தான். ஆகவே இடப்பக்கத்தில் எழுத வேண்டியவை: 42 என்ற எண்ணிக்கை, வங்கியின் மறுப்பு, சொந்தப் பொறுப்பில் போட்ட கையெழுத்து. நோபல் பரிசு 2006க்கு உரியது, அது வலப்பக்கம். நிறுவனரின் குணத்தைப் பற்றி எழுத என் கோட்டுக்கு இருபுறமும் இடம் இல்லை. அவர் எடுத்த முடிவுகளையும், அப்போது அவர் கையில் இருந்த தகவலையும் எழுதினால் போதும்.

எல்லாக் கதையிலும் "முதலில் யாரும் நம்பவில்லை, பிறகு எல்லாரும் பாராட்டினார்கள்" என்றே வருகிறது. இதை அப்படியே நம்பலாமா?

நிகழ்ச்சிகளை நம்பலாம், அவற்றை இணைக்கும் நூலைச் சற்று ஐயத்தோடு பார்க்கலாம். பல மேடைகளில் சொல்லப்பட்ட கதை நாளடைவில் வழவழப்பாகிவிடுகிறது. தற்செயல்கள் உதிர்ந்து, எல்லாம் திட்டமிட்டு நடந்ததுபோல் ஆகிவிடுகிறது. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை. மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது.

சொன்னதை வேறொரு பதிவோடு ஒப்பிட முடிகிற கதைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். மலையேறுபவர்களுக்கான கருவிகளைச் செய்துவந்த இவோன் ஷூனார்ட், பாறையில் அடித்து இறக்கும் இரும்பு ஆணிகள் பாறையையே சிதைப்பதைக் கண்டார். அந்த ஆணிகள் 1970இல் அவருடைய விற்பனையில் ஏறக்குறைய 70 விழுக்காடு. 1972இல் வெளியிட்ட பொருள் பட்டியலில், சுத்தியல் இல்லாமல் கையாலேயே பொருத்தி எடுக்கக்கூடிய அலுமினியக் கட்டைகளை அறிமுகப்படுத்தியதோடு, பாறைக்குக் கேடு செய்யாமல் ஏறுவது எப்படி என்ற நீண்ட கட்டுரையையும் சேர்த்தார். அந்தப் பட்டியல் இன்றும் இருப்பதால், பின்னாளில் சேர்த்துக்கொண்ட அலங்காரம் என்று இதை ஒதுக்க முடியாது. இங்கே இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: மாற்றுப் பொருள் கையில் இருந்தபோதுதான் அவர் ஆணியைக் கைவிடச் சொன்னார். எப்படி ஏறுவது என்பதற்கும் விடை தந்துவிட்டே விலகச் சொன்னார்.

வென்றவர்களின் கதைதானே நமக்கு வருகிறது? தோற்றவர்கள் எங்கே?

இந்தச் சந்தேகம் வராதவர்கள் கதைகளிலிருந்து தவறான பாடத்தையே கற்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம். வென்ற பத்துப் பேரும் வேலையை விட்டுவிட்டு முழுமையாக இறங்கினார்கள் என்றால், அப்படி இறங்கித் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று தெரியாதவரை அதில் பாடம் ஏதும் இல்லை. எனவே தோல்விகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது பிளேபம்ப். தென்னாப்பிரிக்காவில், குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தை நிலத்தடி நீரை இறைக்கும் பம்போடு இணைத்தார்கள். விளையாட்டிலேயே தண்ணீர் ஏறும். மேல்தொட்டியின் பக்கங்களில் விளம்பரம் ஒட்டிப் பராமரிப்புச் செலவை ஈடுகட்டலாம். யோசனை கேட்பவர் மனத்தை உடனே கவர்ந்தது. 2006இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் நிதி அறிவிக்கப்பட்டு, ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கில் நிறுவத் திட்டமிட்டார்கள். ஆனால் ராட்டினத்தைச் சுற்ற விளையாட்டு வேகம் மட்டும் போதவில்லை. குழந்தைகள் இல்லாத நேரத்தில் பெண்கள் குனிந்து, சிரமப்பட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. பழுதானால் ஊர்க்காரர்களால் சரிசெய்ய முடியவில்லை. தொலைவான கிராமங்களில் விளம்பரம் கொடுக்க ஆளில்லை. சாதாரணக் கைப்பம்பைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு செலவும் ஆனது. அறிவித்த இலக்கின்படி ஒரு பம்ப் 2,500 பேருக்குத் தண்ணீர் தர வேண்டுமானால் குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் ஒரு நாளிதழ் கணக்கிட்டுக் காட்டியது.

தோல்வியைத் தாங்களே வெளியிட்டவர்களும் உண்டு. கடலிலிருந்து பிளாஸ்டிக் கழிவை அகற்ற முயலும் ஓஷன் கிளீனப் அமைப்பை 18 வயதில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய போயான் ஸ்லாட், 2018இல் பசிபிக் கடலில் இறக்கிய முதல் மிதவை, பிளாஸ்டிக்கைத் தேக்கி வைக்கவில்லை என்பதையும், ஆண்டு முடிவதற்குள் அதன் நுனியில் 18 மீட்டர் நீளப் பகுதி முறிந்துவிட்டதையும் அந்த அமைப்பே அறிவித்தது. அந்தக் குறிப்புகளைப் படிப்பது பத்து வெற்றிக் கதைகளுக்குச் சமம்.

நல்ல நோக்கம், நல்ல யோசனை, பணமும் இருந்தது. அப்படியும் பிளேபம்ப் தோற்றதென்றால் நான் எதைப் பார்த்து முன்கூட்டியே உணர்வது?

பணம் தருபவரும் பொருளைப் பயன்படுத்துபவரும் வெவ்வேறு ஆட்களா என்று பாருங்கள். பிளேபம்புக்குப் பணம் தந்தவர்கள் படத்தில் சிரிக்கும் குழந்தைகளைப் பார்த்தார்கள். தண்ணீர் இறைத்த பெண்களுக்கு அதை வேண்டாம் என்று சொல்லும் வழியே இல்லை. ஒரு சோடி காலணி விற்றால் இன்னொரு சோடியைத் தேவைப்படும் குழந்தைக்கு இலவசமாகத் தரும் முறையோடு டாம்ஸ் நிறுவனம் 2006இல் தொடங்கியபோதும் இதே இடைவெளி இருந்தது. எல் சால்வடாரில் நடந்த ஆய்வில், இலவசக் காலணியால் குழந்தைகளின் வாழ்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பின்னர் அந்நிறுவனம் தன் கொடை முறையையே மாற்றிக்கொண்டது. அதை நான் மதிக்கிறேன்.

பயன்படுத்துபவர் ஒரு சிறு தொகையேனும் கொடுத்து வாங்கும்போது, பிடிக்காவிட்டால் வாங்காமல் இருக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. தொழில்முனைவு என்ற சொல்லில் நான் மிகவும் மதிப்பது அந்த உரிமையைத்தான்.

கதைகளில் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் யாரும் சரியாகச் சொல்வதில்லையே?

உண்மைதான். "சில நண்பர்கள் உதவினார்கள்" என்று வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள். தொடக்கப் பணம் சொந்தச் சேமிப்பா, கடனா, மானியமா, முதலீடா, வாடிக்கையாளர் தந்த முன்பணமா என்பதைப் பொறுத்து அந்த நிறுவனம் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது மாறும். முதல் பதிலில் சொன்ன அரவிந்த் மருத்துவமனைக்காக வெங்கடசாமி வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்தினர் நகைகளை அடகு வைத்தார்கள். அது துணிச்சல் என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்தோம். வெளி முதலீட்டாளர் இல்லாததால், இலவச சிகிச்சையின் அளவைக் குறை என்று சொல்ல யாரும் இல்லை என்பது மீதிப் பாதி.

வாங்குபவரின் பணமும் எப்படி வருகிறது என்பது இதே அளவு முக்கியமானது. 1995இல் கர்நாடகத்தில் செல்கோ என்ற சூரிய மின்விளக்கு நிறுவனத்தைத் தொடங்கிய ஹரீஷ் ஹந்தே சொல்லிவரும் ஒரு நிகழ்ச்சி உண்டு: மாதம் 300 ரூபாய் என்றால் முடியாது, நாளுக்கு 10 ரூபாய் என்றால் முடியும் என்றார் ஒரு தெருவோர வியாபாரி. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே தொகைதான். ஆனால் அன்றாடம் காசு பார்ப்பவரிடம் மாதக் கடைசியில் மொத்தமாக இருக்காது. செல்கோ விளக்கின் தரத்தில் செலுத்திய கவனத்தைக் கடன் தரும் கிராமிய வங்கிகளோடு பேசித் தவணையை அமைப்பதிலும் செலுத்தியது.

ஒருவரே எல்லாவற்றையும் செய்ததுபோல் எழுதுகிறார்கள். உண்மையில் அப்படி நடக்குமா?

நடப்பதில்லை. வாழ்க்கைக் கதை என்ற வடிவம் ஒருவரை நடுவில் நிறுத்துவதால் மற்றவர்கள் மங்கிவிடுகிறார்கள். அரவிந்தில் வெங்கடசாமியின் தங்கை, தம்பி உள்ளிட்ட குடும்பத்தினர் பலர் தொடக்கத்திலிருந்தே மருத்துவர்களாகவும் நிர்வாகிகளாகவும் உழைத்தார்கள். 1972இல் அகமதாபாத்தில் அமைப்பு சாராப் பெண் தொழிலாளர்களுக்கான சேவா சங்கத்தைத் தொடங்கிய இலா பட், தங்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்ற யோசனை உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டதிலிருந்து வந்தது என்றே பதிவு செய்திருக்கிறார். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் 10 ரூபாய் பங்குத் தொகை போட்டு அந்தக் கூட்டுறவு வங்கி உருவானது. கதையைப் படிக்கும்போது "நான்" என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் உண்மையில் யார் யார் அறையில் இருந்தார்கள் என்று தேடிப் பாருங்கள்.

சமூகத்துக்காகச் செய்யும் வேலையில் லாபம் எடுப்பது தவறில்லையா? நிறுவனர் சம்பளம் வாங்கலாமா?

வாங்கலாம், வாங்க வேண்டும் என்றே சொல்வேன். சம்பளம் வாங்காத நிறுவனரின் உழைப்பு கணக்கில் ஏறாததால் பொருளின் உண்மையான அடக்கச் செலவு மறைந்துவிடுகிறது. அவர் நோயுற்றால் அந்த இடத்துக்கு ஆள் அமர்த்தவும் முடியாது. லாபத்தைப் பொறுத்தவரை, எவ்வளவு என்று கேட்பதைவிட அது எங்கே போகிறது, அதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பது தெளிவைத் தரும்.

நிறுவனர் பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டால் அந்தக் கதையிலிருந்து இன்னும் கற்க முடியுமா?

முடியும். அனிதா ராடிக் 1976இல் இங்கிலாந்தில் தொடங்கிய பாடி ஷாப் என்ற அழகுப்பொருள் நிறுவனம், 2006இல் லோரியால் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பென் அண்ட் ஜெர்ரிஸ் என்ற ஐஸ்கிரீம் நிறுவனம் 2000ஆம் ஆண்டு யூனிலீவர் வசம் போனது. நிறுவனத்தின் சமூக நோக்கைக் காக்கத் தனி இயக்குநர் குழு ஒன்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்கப்பட்டது. முன்பு சொன்ன ஷூனார்டோ, படகோனியா என்ற தன் ஆடை நிறுவனத்தை 2022இல் விற்கவும் இல்லை, பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகவும் இல்லை. வாக்குரிமை உள்ள பங்குகள் ஓர் அறக்கட்டளைக்கும், மற்றவை சுற்றுச்சூழலுக்காகச் செலவிடும் ஓர் அமைப்புக்கும் போயின.

இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால், நோக்கத்தைக் காப்பது நிறுவனரின் மனத்தைவிடப் பத்திரங்களில் எழுதப்பட்டிருக்கும் உரிமைகளையே பெரிதும் சார்ந்தது என்பது விளங்கும். தொடங்கும்போதே இதைப் பற்றி யோசித்தவர்கள் மிகக் குறைவு. நீங்கள் யோசியுங்கள்.

ஒரு நிறுவனம் உண்மையிலேயே சூழலுக்காக மாறியதா, அல்லது விளம்பரத்துக்காகப் பசுமை பேசுகிறதா என்று கதையை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

அளவும் ஆண்டும் இருக்கிறதா, தோற்ற முயற்சியைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ரே ஆண்டர்சன் 1973இல் தொடங்கிய இன்டர்ஃபேஸ் ஒரு தரைவிரிப்பு நிறுவனம். மூலப்பொருளுக்குப் பெட்ரோலியத்தை நம்பியிருந்த தொழில். 1994இல், சூழல் குறித்த நிறுவனத்தின் பார்வை என்ன என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கியபோது, அவரிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் கைக்கு வந்த ஒரு நூல் தன் நெஞ்சில் ஈட்டிபோல் பாய்ந்தது என்று பின்னர் பலமுறை சொன்னார். அப்போது அவருக்கு 60 வயது. சூழலுக்குச் செய்யும் கேட்டை 2020க்குள் பூச்சியமாக்குவது என்ற இலக்கை வைத்து, கழிவு, எரிசக்தி, நீர் ஆகியவற்றை ஆண்டுதோறும் அளந்து வெளியிட்டார்கள்.

ஈட்டிக் கதை எல்லா இடத்திலும் வருகிறது. அதே காலத்தில் அவர்கள் முயன்ற இன்னொன்று அவ்வளவாக வருவதில்லை: விரிப்பை விற்காமல் வாடகைக்கு விட்டு, தேய்ந்த துண்டுகளை எடுத்து மறுசுழற்சி செய்து புதிதாகப் போடும் திட்டம். கருத்தளவில் குறை சொல்ல முடியாதது. ஆனால் வாங்கும் நிறுவனங்களில் விரிப்பு வாங்கும் செலவு ஒரு துறையின் கணக்கிலும் பராமரிப்பு வேறொரு துறையின் கணக்கிலும் இருந்ததால், சேர்த்துப் பார்த்தால் லாபம் என்றாலும் கையெழுத்துப் போட ஆளில்லை. மிகச் சில வாடிக்கையாளர்களோடு அது நின்றுபோனது. பசுமைத் தொழில் தொடங்குபவர்கள் ஈட்டியைவிட இந்த வாடகைத் திட்டத்தை நன்றாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நாம் போற்றிய ஒரு முறை பின்னாளில் அவ்வளவு பயன் தரவில்லை என்று தெரிந்தால், அந்த நிறுவனரின் கதையை ஒதுக்கிவிட வேண்டுமா?

நுண்கடனே இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. யூனுஸின் 42 பேர் உண்மை. ஆனால் ஆறு நாடுகளில் சமவாய்ப்பு முறையில் (கடன் வாய்ப்பு யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல்போல் தேர்ந்து ஒப்பிடும் முறை) நடத்தப்பட்டு 2015இல் ஒன்றாக வெளியான ஆய்வுகள், நுண்கடன் சிலருக்குத் தொழிலில் உதவினாலும் சராசரியாக வறுமையிலிருந்து மீட்டுவிடவில்லை என்று காட்டின. அதற்கு முன்பே, 2010இல் ஆந்திரப் பிரதேசத்தில், லாபநோக்குக் கடன் நிறுவனங்கள் வேகமாகப் பெருகி, ஒரே குடும்பத்துக்குப் பல கடன்கள் சேர்ந்து, கடும் நெருக்கடி வந்தது.

கதை பொய்யாகிவிடவில்லை, அது பொருந்தும் எல்லை தெரிந்திருக்கிறது. இடைத்தரகரிடம் சிக்கி, ஏற்கெனவே கைத்தொழில் தெரிந்திருந்த ஒரு பெண்ணுக்குக் கடன் சரியான மருந்து. தொழிலே இல்லாதவருக்கு அது சுமை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு நாட்டில் வெற்றி பெற்ற முறையை அப்படியே எடுத்துச் செய்யலாமா?

அந்த முறை எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்தால் செய்யலாம். அரவிந்தின் முறை கண்புரை அறுவைக்குப் பொருந்தியதற்குக் காரணங்கள் உண்டு: நோயாளிகள் மிக அதிகம், அறுவை குறுகிய நேரத்தில் முடியும், படிகள் ஒரே மாதிரியானவை, பலன் உடனே தெரியும். இதனால் பயிற்சி பெற்ற பணியாளர்கள் முன்பின் வேலைகளைப் பிரித்துச் செய்ய, மருத்துவர் ஒரே நாளில் பலருக்கு அறுவை செய்ய முடிந்தது. ஆண்டுக்கணக்கில் மருந்தும் கண்காணிப்பும் தேவைப்படும் நோய்க்கு இதை அப்படியே பெயர்த்து வைத்தால் உடைந்துவிடும்.

ஒரு நிறுவனரை நேரில் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தால் என்ன கேட்பது?

"உங்களுக்கு ஊக்கம் தந்தது எது" என்று கேட்டால், நூறு முறை சொன்ன பதிலே வரும். கைவிட்டது எதை, முதலில் காசு கொடுத்து வாங்கியவர் யார், திரும்பி வந்த பொருள் எது என்று கேளுங்கள். சமையலறைக் கழிவிலிருந்து மட்கு உரம் செய்து விற்கும் ஒருவரிடம் எங்கள் கூட்டத்தில் ஓர் இளைஞர் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தன் பையிலிருந்து காகிதத்தில் மடித்து வைத்திருந்த கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு தோட்டக்காரரின் கையைக் கிழித்த சில்லு அது. உர மூட்டையோடு திரும்பி வந்தது.

சல்லடையை மாற்றினாராம், ஆட்களைக் கூட்டினாராம். சில்லு வருவது நிற்கவில்லை. வீட்டு வாசலிலேயே ஈரக் கழிவையும் மற்றதையும் பிரித்து வாங்கினால்தான் முடியும் என்று புரிந்து, உரக்களத்தில் போட்டிருந்த பணத்தைத் திருப்பி, வீடு வீடாகப் போய்ப் பேசும் ஆட்களுக்குச் சம்பளமாகக் கொடுக்கத் தொடங்கினாராம். அன்று அவர் கொண்டுவந்திருந்த படக்காட்சியைக் கடைசிவரை போடவில்லை. அந்தச் சில்லைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம்.

என் வாழ்க்கையில் அப்படிப்பட்ட துயரமோ திருப்பமோ எதுவும் இல்லை. நான் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆண்டர்சன் வசதியான தொழிலதிபர், யூனுஸ் பேராசிரியர், இருவரும் தாங்கள் அனுபவிக்காத சிக்கலைக் கவனித்துப் பார்த்தவர்கள். துயரம் ஒருவரைக் கவனிக்க வைக்கலாம். அதற்கு வேறு வழிகளும் உண்டு. முடிந்தால், சிக்கலை நாள்தோறும் அனுபவிப்பவர் ஒருவரைத் தொடக்கத்திலிருந்தே முடிவெடுக்கும் இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளேபம்பில் தண்ணீர் இறைக்கும் ஒரு பெண் அப்படி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

எவ்வளவு கதைகள் படித்த பிறகு செயலில் இறங்கலாம்?

எண்ணிக்கை சொல்ல மாட்டேன். படித்துக்கொண்டே சிறிய அளவில் செய்து பார்ப்பதுதான் என் பரிந்துரை. செய்யத் தொடங்கிய பிறகு அதே கதை வேறு மாதிரி படிக்கக் கிடைக்கும்.

கென்யாவின் வங்காரி மாத்தாய் முதலில் தொடங்கிய நாற்றுத் தொழில் நிலைக்கவில்லை. அதன் பிறகு 1977 ஜூன் 5ஆம் நாள், பெண்கள் அமைப்பு ஒன்றின் துணையோடு நைரோபியில் 7 மரக்கன்றுகளை நட்டார். அதிலிருந்து பசுமைப் பட்டை இயக்கம் வளர்ந்தது. மரம் வளர்க்கப் பட்டயம் படித்திருக்க வேண்டும் என்று வனத்துறையினர் ஐயப்பட்டபோது, கிராமத்துப் பெண்கள் தாங்களே விதை சேகரித்து, கைக்குக் கிடைத்த பாத்திரங்களில் நாற்று வளர்த்துக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு சிறு தொகை தரப்பட்டது. நட்ட கன்றுகளை எண்ணித் தரவில்லை; வேர் பிடித்துப் பிழைத்த கன்றுகளை எண்ணியே தந்தார்கள். நீங்கள் செய்யப் போகும் முதல் சிறு முயற்சியில் எதை எண்ணிப் பணம் தருவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் அந்த வாரமே தொடங்கலாம்.